மைனருக்குக் கூலி பத்தலையாம்

எனக்கென்று தனியாக ஒரு ரூம் வாடகைக்கு எடுக்கலாமா என்று முதல் தடவை கேட்டபோது, என் வீட்டுக்காரர் ரசத்தைப் பிசைந்துகொண்டே "பார்ப்போம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சத்தம்கூடப் போட மாட்டார். ஆனால் அவருடைய "பார்ப்போம்" இருக்கிறதே, அதற்குள் போன விஷயம் எதுவும் உயிரோடு திரும்பி வந்ததில்லை. வாஷிங் மெஷின் அப்படித்தான் போனது. ராமேஸ்வரம் பயணம் அப்படித்தான் போனது. ரூமையும் அங்கே அனுப்ப எனக்கு மனசில்லை.

நான் லேபிள் டிசைன் செய்கிறவள். சிவகாசி அச்சகங்களுக்கும் பட்டாசு கம்பெனிகளுக்கும் வெடிக்கட்டு மேலே ஒட்டுகிற படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். ராக்கெட், மயில், துப்பாக்கி பிடித்த குரங்கு, எல்லாம் நம் கைவரிசைதான். கம்ப்யூட்டர் இருந்தது சாப்பாட்டு மேசையில். விருந்தாளி வந்தால் குரங்கை ஓரம் கட்டிவிட்டு இட்லிச் சட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். சட்னி தெறித்து கீபோர்டில் இரண்டு எழுத்து செத்தே போய்விட்டது. இனிமேல் முடியாது என்று பஜாரில் ஒரு மாடி ரூமைப் பார்த்து வைத்தேன். கீழே வத்தல் கடை, மேலே காற்றோட்டமான அறை, வாசலில் போர்டு மாட்ட இடம். எத்தனையோ வருஷமாக ஊருக்கெல்லாம் பெயர் அச்சடிக்க டிசைன் போட்டிருக்கிறேன். என் பெயரில் ஒரு போர்டு வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

கட்டடம் ஒரு பெரியம்மாவுக்குச் சொந்தம். அறுபது வயசு, கையில் சாவிக்கொத்து, வாயில் வெற்றிலை. என்னை "மண்டிக் கணக்கப்பிள்ளை சம்சாரம்" என்றுதான் கூப்பிடுவார். அவர் சொல்லிவிட்டார். "வியாழக்கிழமைக்குள்ள அட்வான்ஸக் கொண்டாந்தா ரூம் உனக்கு. இல்லன்னா செல்போன் கவர் விக்கிற தம்பிக்கு. அவன் ரொக்கமாத் தாறேங்கான்."

நான் சரி என்றேன். ஏனென்றால் எனக்கு ஒரு பெரிய தொகை வர இருந்தது. வெளிநாட்டில் யாரோ ஒருத்தர், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, மெயிலில் மட்டும் பழக்கம். ஏதோ பலகை விளையாட்டு தயாரிக்கிறாராம். அதன் பெட்டிக்கு சிவகாசி வெடிக்கட்டு மாதிரியே படம் வேண்டும் என்று கேட்டார். வரைந்து கொடுத்தேன். கொண்டாடித் தீர்த்துவிட்டார். ஆனால் பணம் பிட்காயினில்தான் தருவாராம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் சித்தி மகன்தான் போனில் அதற்கு ஒரு பர்ஸ் மாதிரி செய்து கொடுத்தான். "பணம் வந்து சேரட்டும்க்கா. காயினை நான் எடுத்துக்கிட்டு உனக்கு ரூபாயா அனுப்பிடுறேன்" என்றான்.

வியாழக்கிழமை காலையில் போனைத் திறந்தால் பணம் வந்திருந்தது. தொகை சரியாக இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் இங்கிலீஷில் 'அன்கன்ஃபர்ம்ட்' என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் ஒரு சைபர். பெங்களூர்த் தம்பிக்குப் போன் போட்டேன்.

"பணம் தெரியுது, ஆனா இல்லங்குதேடா!"

"இன்னும் கன்ஃபர்ம் ஆகலைக்கா. அனுப்பினவர் கட்டணத்தை ரொம்பக் கம்மியா வச்சிட்டார். மைனர்ஸ் எடுக்கலை."

"எந்த மைனர்?"

எங்களுக்கு மைனர் என்றால் பட்டுச் சட்டை, கழுத்தில் தடிச்ச சங்கிலி, காலையிலேயே வாசனைத் தைலம் போட்டுக்கொண்டு ஒரு வேலைவெட்டி இல்லாமல் திரிகிற ஆள். என் பணம் அந்த மாதிரி ஒருத்தன் கையில் சிக்கியிருக்கிறது என்றதும் எனக்குப் பகீரென்றது. தம்பி பொறுமையாக விளக்கினான். உலகம் முழுக்க மைனர்கள் இருக்கிறார்களாம். கணக்குப் போட்டுப் பணப் பட்டுவாடாவை எழுதி உறுதி செய்வதுதான் அவர்கள் வேலையாம். கூலி அதிகம் கொடுக்கிறவர்களின் வேலையை முதலில் எடுப்பார்களாம். நம்முடையது க்யூவில் கிடக்கிறதாம். ஒரு மைனர் எடுத்துவிட்டால் அந்தச் சைபர் ஒன்றாகிவிடுமாம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். "சரிடா, நீ ரூபாயை இப்பவே அனுப்பிடு, காயின் வந்ததும் எடுத்துக்கோ" என்றேன்.

"கன்ஃபர்ம் ஆகாம அனுப்ப மாட்டேன்க்கா. பாசம் வேற, இது வேற."

சின்ன வயசில் இவனுக்கு நான் எத்தனை தடவை மூக்கு துடைத்துவிட்டிருப்பேன்! பட்டென்று போனை வைத்தேன்.

அன்றைக்குப் பார்த்து ஒரு பட்டாசு கம்பெனிக்குக் கலர் ப்ரூப் கொண்டுபோக வேண்டியிருந்தது. சீசன் நேரம். போகவில்லை என்றால் ஆர்டரே கைமாறிவிடும். ஆமத்தூர் தாண்டி, பொட்டல் காட்டுக்குள் இருக்கிற கம்பெனி. அங்கே கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெடிமருந்து புழங்குகிற இடத்தில் போன் ஆகாது. அது சரியான சட்டம்தான், நானே யாராவது உள்ளே போன் கொண்டுவந்தால் சண்டைக்குப் போவேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் போனை விட்டுப் பிரிய முடியவில்லை.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் அண்ணாச்சி எனக்குப் பல வருஷப் பழக்கம். போனை அவரிடம் கொடுத்து, திரையைக் காட்டி, "அண்ணாச்சி, இங்கன சைபர்னு இருக்கு பாருங்க. இது ஒண்ணுன்னு ஆனா ஒரு சத்தம் குடுங்க. என் தம்பி கூப்பிட்டா எடுத்து என்னன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"நீ நிம்மதியாப் போ தாயி. கண்ணு அசைக்க மாட்டேன்" என்றார்.

அவருக்குக் கண் மட்டுமில்லை, தொண்டையும் நன்றாக வேலை செய்யும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

கேட்டுக்குக் கொஞ்சம் உள்ளே ஆபீஸ் ரூம். போனால் முதலாளி சட்டையெல்லாம் வேர்த்துப் போய் நிற்கிறார். அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர். எதிரே ரிஜிஸ்டர்கள் அடுக்கியிருந்தன. இந்தப் பக்கத்தில் பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் வேலைக்கு இருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கும், சேர்க்க மாட்டோம் என்று. அந்தக் கம்பெனியில் உண்மையிலேயே யாரும் கிடையாது. ஆபீசரும் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துத் திருப்தியாகி, பேனாவை மூடப் போன நேரம்.

கேட்டிலிருந்து குரல் வந்தது.

"தாயீ! ஒங்க தம்பி பேசுதாரு! மைனருக்குக் கூலி பத்தலையாம்! கூடக் குடுத்தாத்தான் வேலையத் தொடுவாம்னு சொல்லுதாரு!"

மூடப் போன பேனா அப்படியே நின்றது. முதலாளியின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"ஏலே, எவம்லே அது? வாயப் பொத்துலே!" என்று முதலாளி ஜன்னல் வழியாகக் கத்தினார்.

வாட்ச்மேன் அண்ணாச்சிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னும் பலமாக, "ராத்திரியில இருந்து க்யூவுல கெடக்காம்! மைனர் இன்னும் தொடவே இல்லையாம்!" என்றார்.

ஆபீசர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா? எத்தனை மைனர் வச்சிருக்கீங்க?"

பயத்தில் எனக்குப் பொய் வராது. அது என் பிறவிக் குணம். "நான் வைக்கலை சார். உலகம் பூரா லட்சக்கணக்குல இருக்காங்களாம்" என்றேன்.

"என்ன வேலை பார்க்கிறாங்க?"

"கணக்குப் போடுறாங்க சார்."

"எத்தனை மணி நேரம்?"

"இருபத்துநாலு மணி நேரமும் சார்."

"வாரத்துல லீவு?"

"அப்படி எதுவும் கிடையாதுன்னு தம்பி சொன்னான் சார்."

ஆபீசர் வேகமாக எழுத ஆரம்பித்தார். முதலாளி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "யம்மா, ஒனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? லேபிள் காசு பாக்கிகூட வைக்கலையே!" என்று அழாத குறையாகக் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயையோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! "சார், அந்த மைனர் இல்ல சார், இது வேற மைனர், பிட்காயின் மைனர்" என்றேன். ஆபீசர் 'பிட்' என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டார்.

கடைசியில் எல்லோரும் கேட்டுக்கு வெளியே ஊர்வலமாகப் போனோம். வாட்ச்மேன் அண்ணாச்சி போனைக் கொடுக்கும்போதே, "இன்னும் சைபர்தான் தாயி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி தெரிவித்தார். தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ஆபீசரே கேள்வி கேட்டார். தம்பி, மைனர் என்பது வயசைக் குறிக்கிற வார்த்தை இல்லை, சுரங்கத் தொழிலாளி என்று அர்த்தம், சுரங்கத்தில் தங்கம் தோண்டுகிற மாதிரி இவர்கள் கம்ப்யூட்டரில் காயின் தோண்டுகிறார்கள் என்று விளக்கினான்.

ஆபீசர் முகம் தெளிந்தது. "சுரங்கமா? முதல்லயே சொல்லக் கூடாதா? பூமியைத் தோண்டுறதெல்லாம் கனிமவளத்துல வரும். அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை" என்றார்.

எழுதிய பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். முதலாளி கண்ணை மூடி ஏதோ சாமிக்கு நேர்ந்துகொண்டார். ஆனால் கோடு இழுத்த பக்கத்துக்கும் ஒரு விளக்கம் வேண்டுமாம். "உங்க கம்பெனி பேர், அட்ரஸ் சொல்லுங்கம்மா, குறிச்சுக்கிறேன்" என்றார்.

என்னை யாரும் அதுவரை உங்கள் கம்பெனி என்று கேட்டதில்லை. எனக்குக் கிறுக்குத்தான் பிடித்திருக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி, பஜாரில் இருக்கிற அந்த மாடி ரூமின் அட்ரஸைச் சொல்லிவிட்டேன். கதவு எண், தெரு எல்லாம். அவர் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். போன பிறகுதான் புரிந்தது. இனி ரூம் கிடைக்கவில்லை என்றால் நான் சர்க்காரிடம் பொய் விலாசம் கொடுத்தவள். அதுவும் மைனர் விஷயத்தில்!

ப்ரூப்பைப் பார்க்காமலேயே முதலாளி ஓகே சொன்னார். நான் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று இருந்திருக்கும்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு தம்பியைப் பிடித்தேன். "ஏதாவது வழி சொல்லுடா, இல்லன்னா பெங்களூருக்கே வந்துடுவேன்."

"ஒரு வழி இருக்குக்கா. வரவேண்டிய பணத்துல இருந்தே கூடுதலா கூலி குடுத்து, வேகப்படுத்தலாம்."

"வராத பணத்துல இருந்து குடுத்து, அந்தப் பணத்தையே வரவைக்கிறதா?"

"ஆமாக்கா."

பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரில் கடன் வாங்கிப் பிரசவம் பார்க்கிற கதை. சரி என்றேன். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான்.

"கொஞ்சம் குறைச்சுக் கேட்டுப் பாரேன்டா."

"மைனர்கிட்ட பேரம் பேச முடியாதுக்கா."

பேரம் பேசாமல் நான் ஒரு கட்டுக் கீரைகூட வாங்கியதில்லை. விருதுநகரில் பிறந்தவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சொன்ன பட்டனை அழுத்தினேன். பஸ் வந்தது. வழி முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சைபர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ரிசல்ட்டா? பிள்ளை எந்தக் கிளாஸு?" என்று பரிவோடு விசாரித்தாள்.

மாடிப்படி ஏறும்போதே ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. மேலே போனால் ரூமின் பூட்டுக்கு எதிரே பெரியம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்குக் கீழ்ப்படியில் செல்போன் கவர்க்காரன், மடியில் பணக்கவரோடு. அவனுக்கும் அதே நிலைமை. ராகு காலத்தில் அட்வான்ஸ் வாங்க மாட்டேன் என்று பெரியம்மா உட்கார வைத்துவிட்டார்.

"நீயும் இருத்தா. மூணு மணிக்கு மேல யாரு குடுக்கீகளோ அவுகளுக்கு" என்றார்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கீழே வத்தல் மூட்டை பிரிக்கிற நெடி மூக்கைத் துளைத்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அந்தப் பையன் வேறு, அங்கே கண்ணாடி ஷோகேஸ் வைப்பேன், இங்கே லைட் போடுவேன் என்று என் ரூம் பக்கம் விரலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன் 'டிங்' என்றது. சைபர் ஒன்றாகிவிட்டது! எந்த ஊர் மைனரோ, அவன் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும். நான் எழுந்தே நின்றுவிட்டேன். கவர்க்காரன் எட்டிப் பார்த்து, "ராகு காலத்துல வந்த பணம், பெரியம்மா" என்று வத்தி வைத்தான்.

"வந்ததுதான் இப்ப. கிளம்பினது நேத்தே. அனுப்பினவக ஊர்ல இப்ப இருட்டு. அங்கன ஏது ராகு காலம்?" என்று பாய்ந்தேன்.

பெரியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "எங்கிருந்தும் வந்துட்டுப் போகுது. எங் கைக்கு எப்ப வருதுங்கதுதான் எனக்குக் கணக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

மூன்று மணி அடித்தது. தம்பி ரூபாயை அனுப்பிக்கொண்டிருந்தான். கவர்க்காரன் முந்திக்கொண்டு எழுந்து, கவரை இரண்டு கையாலும் நீட்டினான். பெரியம்மா கையை நீட்டினார். அந்த நேரத்தில் அவன் "ஹச்" என்று ஒரு தும்மல் தும்மினான்.

பெரியம்மா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஒத்தத் தும்மலு! ஆகாதே. இன்னொண்ணு தும்முலே."

அவன் தும்மப் பார்த்தான். வரவில்லை. மூக்கைக் கசக்கினான், வெயிலைப் பார்த்தான், படியிறங்கி வத்தல் மூட்டைக்குப் பக்கத்திலேயே போய் முகர்ந்தான். நாள் முழுக்க ஊரையே தும்ம வைக்கிற வத்தல் அவனை மட்டும் கைவிட்டது. அதற்குள் என் போனில் ரூபாய் விழுந்தது. பெரியம்மாவின் போனுக்கு அனுப்பினேன். நல்லவேளை, எனக்குத் தும்மல் வரவில்லை. மூச்சையே விடவில்லை நான்.

பணம் வந்த சத்தம் அவர் போனில் கேட்டது. கவர்க்காரன் கண்ணும் மூக்குமாகச் சிவந்து போய், கீழே நின்று என்னைத் திட்டிவிட்டு நடந்தான். பெரியம்மா பத்திரத்தாளை எடுத்து ஸ்டூல் மேலே விரித்தார். அப்பாடா என்று நான் உட்கார்ந்தேன்.

"ஒன் வீட்டுக்காரரு எப்ப வாராரு?" என்றார்.

"எதுக்கு?"

"அவுக பேர்லதான அக்ரிமெண்டு போடணும். வந்து ஒரு கையெழுத்துப் போட்டாத்தான முடியும். அதுவரைக்கும் அட்வான்ஸு எங்கிட்ட பத்திரமா இருக்கும்."

உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் ஒத்துக்கொண்டாகிவிட்டது. இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். இந்தப் படியில் உட்கார்ந்து நான் இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை! வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மண்டியில் ஏலச் சத்தம். "ஏலம் ஓடுதும்மா, சாயங்காலம் பேசுவோமே" என்று வைத்துவிட்டார். அன்றைக்குக் கேட்டதோடு சரி, நான் ரூம் எடுப்பதே அவருக்குத் தெரியாது. அவரைச் சொல்லி என்ன குற்றம்?

"ஆம்பள ஒரு வார்த்தை சொல்லாம எப்படித்தா?" என்றார் பெரியம்மா. கோபமாக இல்லை, நியாயம் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"இந்தக் கட்டடம் யார் பேர்ல இருக்கு பெரியம்மா?" என்று கேட்டேன்.

"எம் பேர்லதான். வரி ரசீதைக் காட்டட்டா?" என்று நிமிர்ந்தார்.

"எப்ப இருந்து?"

வெற்றிலை மெல்லுவது நின்றது. "அவுக போனப்புறம்" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காரு பெரியம்மா. நூறு வயசு இருக்கட்டும். அவரு இருக்கும்போதே எனக்கு இந்த ரூம் வேணும்."

சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது. பெரியம்மா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒம் பேரு என்னத்தா?" என்று கேட்டார்.

சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதினார்.